நான் வாங்க வேண்டிய திட்டு

இன்று காலை லேப்டாப் எழும்பவில்லை. பட்டனை அமுக்கினால் விளக்கு எரிகிறது, உள்ளே காற்றாடி ஒரு சுற்றுச் சுற்றி மூச்சு விடுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. உடனே உன்னை நினைத்தேன் என்று எழுதினால் அது பொய். முதலில் அதைத் திட்டினேன். பிறகு அதை வாங்கிய நாளைத் திட்டினேன். மூன்றாவதாகத்தான் நீ வந்தாய், எனக்குள் கேட்கும் குரலாக.

"திட்டி முடிச்சிட்டியா கெராணி? இப்ப என்ன தெரியுதுன்னு சொல்லு. நீ என்ன நெனக்கிறன்னு கேக்கல, கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு கேட்டேன்."

உனக்கு நான் எப்போதும் கெராணிதான். தோட்டத்து ஆபிசில் பேனா பிடித்த கெராணிமார்களுக்கு இருந்த மிடுக்கெல்லாம் எனக்கும் வந்துவிட்டதாம். ஜனங்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து என் கால் தரையில் படவே இல்லையாம். நம் இருவரையும் ஒரே தொழிற்சாலை பஸ் ஏற்றிக்கொண்டு போன காலத்தில், நீ பழுதான மின்சுற்றுப் பலகைகளைச் சூட்டுக்கோல் வைத்துச் சரி செய்கிற மேசையில் இருந்தாய், நான் பெட்டி கட்டுகிற இடத்தில் இருந்தேன். அப்போதே உனக்கு என் மேல் பெரிய மரியாதை ஒன்றும் இருந்ததில்லை. ஆள் மட்டும் கூடவே இருந்தாய்.

நீ சொன்னபடியே செய்தேன். சார்ஜரைப் பிடுங்கினேன். உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கட்டும் என்று முப்பது எண்ணும்வரை பட்டனை அமுக்கிப் பிடித்தேன். கைத்தொலைபேசி விளக்கைத் திரையின் மேல் சாய்த்து அடித்துப் பார்த்தேன். மங்கலாகவாவது படம் தெரிந்தால் கோளாறு திரையில், ஒன்றுமே தெரியாவிட்டால் உள்ளே. கடைசியில் நீ கேட்கும் கேள்வியை நானே என்னிடம் கேட்டேன். நேற்று என்ன செய்தாய்? நேற்று அது தன்னைப் புதுப்பித்துக்கொண்டு "அணைக்காதே" என்று கெஞ்சிக்கொண்டிருந்தபோது, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பட்டனை அமுக்கி அணைத்துப் பையில் போட்டுவிட்டேன். ஆளில்லாத அறையில் அதை வாய்விட்டுச் சொன்னேன். மறுபடி அமுக்கினேன். வெகுநேரம் யோசித்துவிட்டு எழும்பிக்கொண்டது.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. மத்தியானம் மாணிக்கம் அண்ணன் வருவதாகச் சொல்லியிருந்தார். மூன்று வருடமாக அவரிடம் நான் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு. உனக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்தது அது. நீ போன பிறகு எனக்கு மட்டும். இன்று அதைச் சொல்லியாக வேண்டும்.

மாணிக்கம் அண்ணனை நீ ஒரே ஒரு தடவைதான் பார்த்தாய். சித்தியவான் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்ததை யாரும் பதியவில்லை. அதனால் ஐம்பத்து நான்கு வயது வரைக்கும் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் அடையாள அட்டை. பிறந்த நாட்டிலேயே வெளியாள். ரோட்டில் போலீஸ் நிறுத்தினால் மற்றவர்கள் குடிமக்களுக்குரிய நீல ஐசியை நீட்டிவிட்டுப் போவார்கள், இவர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார். குடியுரிமைக்கு எழுதித் தருகிறேன் என்று முன்பு இரண்டு பேர் அவருடைய காகிதங்களை வாங்கித் தொலைத்திருந்தார்கள். ஈப்போவில் கடைவீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் நான் உட்காரும் அறைக்கு அவர் வந்தபோதே சொல்லிவிட்டார். "தங்கச்சி, இது கடைசிலா. இதுக்கு மேல எனக்குத் தெம்பு இல்ல."

அவருக்குப் பிரசவம் பார்த்த தோட்டத்து மருத்துவச்சி அப்போது உயிரோடு இருந்தார். தேடிப் பிடித்து, சத்தியம் செய்து கைநாட்டு வைத்த ஒரு வாக்குமூலம் வாங்கினோம். அதை ஸ்கேன் செய்து லேப்டாப்பில் வைத்தேன். இரண்டு மாதத்தில் மருத்துவச்சி போய்விட்டார். அடுத்த மாதம், மாணிக்கம் அண்ணன் பலகை வீட்டில் வைத்திருந்த அசல் காகிதத்தைக் கறையான் தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது என் லேப்டாப்பில் இருந்த படம் ஒன்றுதான். "பென்டிரைவுல ஒண்ணு போட்டு வைடி" என்று நீ சொன்னாய். "நாளைக்கு" என்றேன். என்னுடைய நாளை எப்போது வரும் என்று உனக்குத் தெரியாதா?

அவரைக் குடியுரிமை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை காலை. சனிக்கிழமை நான் பட்டனை அமுக்கினேன். கம்பெனி முத்திரை திரையில் வந்தது, சில நொடிகளில் அணைந்தது. மறுபடி அமுக்கினேன், மறுபடி அணைந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "மதர்போர்டு போச்சு. ரெண்டு வாரம் ஆகும். உள்ள உள்ளதுக்கு நான் பொறுப்பில்ல" என்று கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார். ஞாயிறு மத்தியானம் பத்து காஜா ஊரில் உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதைக் கொண்டுவந்து வைத்தேன். வீட்டில் இருப்புக்கொள்ளாமல் மாணிக்கம் அண்ணனும் மோட்டார் சைக்கிளில் மழையோடு பின்னால் வந்து சேர்ந்தார். நீ அவருக்குத் துண்டு கொடுத்தாய், பால் சேர்க்காத தே-ஓ கலந்து வைத்தாய். அவர் குடிக்கவில்லை.

"என்ன பண்ண?" என்று என்னைக் கேட்டாய்.

"ஒண்ணும் பண்ணல."

"எல்லாரும் ஒண்ணும் பண்ணாமதான் இங்க கொண்டாறாங்க" என்றாய்.

டிஸ்க்கைக் கழற்றி உன் மெஷினில் மாட்டிப் பார்த்தாய். அது பூட்டியிருக்கிறது என்றும் நாற்பத்தெட்டு இலக்கச் சாவி வேண்டும் என்றும் சொன்னது. அந்தச் சாவியை நான் எங்கே எழுதி வைத்தேன் என்று ஆண்டவனுக்கே தெரியாது. மாணிக்கம் அண்ணன் வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நீ மட்டும் டிஸ்க்கைத் திரும்ப மாட்டிவிட்டு, பட்டனை அமுக்கி, மெதுவாக எண்ண ஆரம்பித்தாய். அணைந்தது. மறுபடி எண்ணினாய். ஐந்து தடவை எண்ணினாய் என்று நினைக்கிறேன்.

"ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணுலதான் அணையுது. கெட்டுப்போன மெஷினுக்கு இவ்ளோ ஒழுங்கு இருக்காதுலா. யாரோ பட்டன அமுக்கிப் பிடிச்சிக்கிட்டு இருக்க மாதிரி இருக்கு."

கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, விசைப்பலகையின் மூலையில் இருக்கும் அந்தப் பவர் பட்டனைக் குனிந்து பார்த்தாய். ஒரு பல்குச்சியால் அதன் ஓரத்தைச் சுரண்டினாய். நுனியில் வெளிர் மஞ்சளாக ஏதோ வந்தது. மூக்கருகே கொண்டுபோனாய். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாய்.

சந்தனம். வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. அம்மிக்கு, தையல் மெஷினுக்கு, சைக்கிளுக்கு என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், எனக்குச் சோறு போடும் ஆயுதம் இதுதானே என்று லேப்டாப்பைத் திறந்து, எங்கே வைக்கலாம் என்று பார்த்து, வட்டமாக வாகாக இருக்கிறதே என்று அந்தப் பட்டனிலேயே வைத்துவிட்டேன். தாராளமாகவே வைத்தேன். பூஜை முடிந்து மேலே இருந்ததைத் துடைத்தேன், ஓரத்தில் இறங்கியது இறங்கியதுதான். அது காய்ந்து பட்டனை மேலே எழும்பவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அமுக்கியபடியே இருந்தால் எந்த மெஷினும் தன்னை அணைத்துக்கொள்ளத்தான் செய்யும்.

"என்ன அது?" என்று மாணிக்கம் அண்ணன் எழுந்து வந்தார்.

நான் வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டாய்.

"என் தப்புண்ணே. போன வாரம் நாந்தான் இதக் கழட்டித் தொடச்சேன். பட்டனுக்கு அடியில பசை ஒட்டிக்கிச்சு. கவனிக்காம விட்டுட்டேன்."

அவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்த மனிதர் உன் மேல் கொட்டினார். "என்னம்மா நீங்க! தெரியாத வேலையில ஏன் கைய வைக்கிறீங்க? ஒரு மனுஷனோட வாழ்க்கைலா அதுல இருக்கு! உங்களுக்கு என்ன, நீலம் வச்சிருக்கீங்க!" இன்னும் பேசினார். உன் வீட்டில், உன் மேசைக்கு முன்னால் நின்று பேசினார். நீ "மன்னிச்சிக்குங்கண்ணே" என்றபடி பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து நனைத்து அந்தச் சந்தனத்தைக் கரைத்துக்கொண்டிருந்தாய். நான் பக்கத்து நாற்காலியில் கெராணி மாதிரி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கம் கெட்டவள்.

பட்டன் டக்கென்று மேலே வந்தது. நீ அமுக்கினாய். முத்திரை வந்தது, புள்ளிகள் சுற்றின, கடவுச்சொல் கேட்டது. மருத்துவச்சியின் கைநாட்டைத் திரையில் பார்த்ததும் மாணிக்கம் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார். மூன்று பிரதி அச்சடித்தாய், ஒன்றைப் பென்டிரைவில் போட்டு அவர் கையிலேயே கொடுத்தாய். அவர் அதை வாங்கிக்கொண்டு உன் பக்கம் திரும்பாமலேயே போனார். எனக்கு மட்டும், "காலையில வாரேன் தங்கச்சி" என்றார்.

அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் தேயும்வரை பொறுத்திருந்தாய். பிறகு நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே, யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று மேசையைத் தட்டித் தட்டிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். "மெஷினுக்குப் பொட்டு வைடி, நான் வேணாங்கல. கண்ணுலயா கொண்டுபோய் வைப்ப?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். நீ மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, பருப்பு விலை சொல்வதுபோலச் சொன்னாய். "நாளைக்கு அவரு உன்கூடதான் அந்த ஆபிஸ் படி ஏறணும். உன் மேல நம்பிக்கை போச்சுன்னா ஏற மாட்டாரு. என் மேல போனா என்ன? என்கூட அவருக்கு எங்கயும் போற வேல இல்லையே."

மறுநாள் அவர் என்னோடு படி ஏறினார். உள்ளே கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். பிறகு மூன்று வருடம் காத்திருந்தோம். நடுவில் உன் சிறுநீரகம் கெட்டது. மருத்துவமனைக் கட்டிலில் ஊசி குத்திக் குத்திக் கறுத்த உன் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர்கிட்ட சொல்லிடவா?" என்று கேட்டேன்.

"கார்டு வந்துருச்சா?"

"இல்ல."

"அப்பப் பொறு. அவரு உன்ன நம்பி இன்னும் எத்தன தடவ அங்க போகணுமோ. வந்த பெறகு சொல்லு." கண்ணை மூடிக்கொண்டே, "வந்த பெறகும் சொல்லாம இருந்துறாத. உன்ன எனக்குத் தெரியும்" என்றாய்.

இன்று மத்தியானம் மாணிக்கம் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். நீல ஐசியை மேசையில் வைத்தார். அதை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடி வைத்தார். படத்தில் முகம் கடுகடுவென்று இருக்கிறது என்று குறைபட்டுக்கொண்டார். வரும் தேர்தலில் முதல் ஆளாகப் போய் நிற்கப் போகிறாராம். நான் மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் வேறு பேச்சுக்குப் போனேன். நாலாவது தடவை, "அண்ணே, அன்னைக்குப் பட்டன்ல இருந்தது நான் வச்ச சந்தனம். அவங்க மேல தப்பே இல்ல" என்று சொல்லிவிட்டேன். மிச்சத்தையும் சொன்னேன்.

அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அந்தம்மா மூஞ்சிக்கு நேரா நான் என்னென்ன பேசினேன்! பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க? வாயில என்ன வச்சிருந்தீங்க தங்கச்சி? படிச்சவங்கதான நீங்க? மூணு வருசம்! இப்ப நான் யாருகிட்டலா போய் மன்னிப்பு கேக்கறது?"

கீழ்க்கடைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் அளவுக்குச் சத்தம். அவர் நிறுத்தும்வரை நானும் நின்றுகொண்டே கேட்டேன். பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார், கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், குரல் இறங்கிவிட்டது. "ஆனா ஒண்ணு தங்கச்சி. நீங்கன்னு அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா, மறுநாள் நான் வந்திருக்க மாட்டேன். சத்தியமா வந்திருக்க மாட்டேன்."

உன் கணக்கு தப்பவில்லை. இதை உனக்குச் சொல்லத்தான் இந்த மடல். உயிரோடு இருந்தபோது உனக்கு நான் ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை. சொன்னால் "போடி" என்பாய் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன், "போடி" என்றாலும் பரவாயில்லை. ஒரு மனிதருக்கு நாடு கிடைத்தது. என் பெயர் கெடாமல் இருந்தது. இரண்டும் நீ கொடுத்தவை.

அவர் இன்று என்னைத் திட்டியதில் ஒரு சொல் விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறக்கவும் மாட்டேன். நான் வாங்க வேண்டியதை வாங்கி மூன்று வருடம் நீ வைத்திருந்தாய், அதில் கடைசி ஒரு வருடம் மண்ணுக்கடியில் வைத்திருந்தாய். இனி அது உன் பேரில் இல்லை.