பன்னிரண்டாவது மெட்டு

மார்ச் 3, செவ்வாய்

இடது மணிக்கட்டின் மாவுக்கட்டைப் பிரித்த பிறகு இன்றுதான் குழுவோடு உட்கார்ந்து ஒரு பாட்டை முழுதாக வாசித்தேன். வாசித்தேன் என்றா சொல்வது? கிட்டாரின் கழுத்தில் இடது கை மேலே ஏறியதும் கர்ர்ர் என்று ஒரு இரைச்சல், தகர டப்பாவுக்குள் ஈ மாட்டிக்கொண்டது போல. அழுத்திப் பிடித்தேன். இன்னும் அழுத்தினேன். விரல் வலித்ததுதான் மிச்சம்.

அண்ணி பாடுவதை நிறுத்திவிட்டு, "பரவால்ல, கை மெல்லத் தேறும்" என்றார். டமாரம் என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்த டிரம்ஸ்காரர் வாயே திறக்கவில்லை. பேக்கரியில் மாவு பிசைகிற மனிதர், எங்கள் மூவர் குழுவில் மூன்றாமவர், எதற்கும் ஒரு கிண்டல் கையில் வைத்திருப்பவர். அவர் சும்மா இருந்தது அண்ணியின் ஆறுதலைவிட மோசம்.

21ஆம் தேதி நூலக அரங்கில் நிகழ்ச்சி. முடியாது என்றால் 15ஆம் தேதி ஞாயிறுக்குள் சொல்லிவிடு, வேறு ஆளைப் பார்க்கலாம் என்கிறார் அண்ணி. அன்பாகத்தான் சொன்னார். அதனால் சண்டை போடவும் வழியில்லை. கிளம்பும்போது கிட்டார் பையைக்கூட என்னைத் தூக்க விடவில்லை.

மார்ச் 5, வியாழன்

பிசியோதெரபி அம்மா ஒரு பந்தைக் கொடுத்துப் பிழியச் சொன்னார். "கையில ஒண்ணும் கோளாறு இல்லம்மா. நல்லாவே புடிக்குது."

பந்து எங்கே, பாட்டு எங்கே. நம்பிக்கை வரவில்லை.

மார்ச் 7, சனி

என் வீட்டுக்காரர் இவரும் தன் பங்குக்கு வந்தார். "கிட்டார் கழுத்து வளைஞ்சிருக்கும். அத்தன நாளா ஜன்னலோரம் வெயில்ல கெடந்துதே." வெயிலில் வைத்தது யாராம்?

ஆனால் சொன்னது சரி. தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்திப் பிடித்தால், நடுவில் தந்திக்கும் மெட்டுக்கும் இடையே ஒரு தாள் நுழையும் இடைவெளிதான் இருக்க வேண்டும். தீக்குச்சியே நுழைந்துவிடும் போலிருந்தது. (மெட்டு என்றுதான் எழுத வருகிறது. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளை எல்லாரும் ஃப்ரெட் என்கிறார்கள். சின்ன வயதில் வீணை பழகியவள் நான், எனக்கு அவை மெட்டுகள்தான்.)

கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டைச் சாவியால் முறுக்கினால் கழுத்து நிமிரும். கால் திருப்பு திருப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதா, நானா? முழுத் திருப்பு கொடுத்தேன். கழுத்து எதிர்ப்பக்கம் வளைந்து, இப்போது எல்லா இடத்திலும் இரைகிறது. ஒரு ஈ இருந்த இடத்தில் ஈக்கூட்டம்.

மார்ச் 8, ஞாயிறு

தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். கழுத்து நேராகிவிட்டது. தாள் அளவுதான் நுழைகிறது. ஈக்கூட்டமும் போயிற்று. பழைய ஈ மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது.

அப்போ கைதான். என் கைதான். வேற என்ன? எல்லாத்தையும் பாத்தாச்சு — இனி குறை சொல்ல எதுவும் பாக்கி இல்ல.

குளியலறையில் போய் அழுதேன். இவர் கவனிக்கவில்லை. கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்தாரோ என்னவோ.

மார்ச் 11, புதன்

வேறு ஆளைப் பாருங்கள் என்று அண்ணிக்கு எழுதலாமென்று போனை எடுத்தேன். அதற்குள் அவரிடமிருந்தே செய்தி: "பன்னிரண்டாவது மெட்டு தூக்கலா இருக்கு. கொஞ்சம் இறக்கிடு."

வந்ததே கோபம். பாடுகிறவருக்கு என் கிட்டாரின் மெட்டைப் பற்றி என்ன தெரியும்? தப்பு என்று காட்டுவதற்காகவே சின்ன ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, மும்மூன்று மெட்டுகளின் மேல் வைத்துக்கொண்டே போனேன். எங்கும் ஆடவில்லை. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்றின் மேல் வைத்தேன். டொக், டொக். ஒரு கால் குட்டையான நாற்காலி மாதிரி ஆடியது. பன்னிரண்டாவது மெட்டு ஒரு முனையில் மரத்தை விட்டு எழும்பி நிற்கிறது! பத்திலோ பதினொன்றிலோ விரல் வைத்தால், தந்தி போய் அதில்தான் இடிக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நாளா? நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பவள். மேடு தேடுவதுதான் என் பிழைப்பு. செய்த பல்லை அச்சில் பொருத்தி, நீலத் தாளை நடுவில் வைத்துக் கடிக்கவிட்டு, எங்கே மை ஒட்டுகிறதோ அங்கே ராவுவேன். ஒரு பல் தூக்கலாக இருந்தால் தாடை முழுக்க வலிக்கும். அதற்காகத் தாடையை யாராவது திட்டுவார்களா? நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 12, வியாழன்

அண்ணியைக் கூப்பிட்டேன்.

"எப்படி அண்ணி கண்டுபுடிச்சீங்க?"

"எத?"

"பன்னிரண்டாவது மெட்டு தூக்கலா இருக்குன்னு."

"பாடுறவளுக்குத் தெரியாதா? போன தடவ தொண்டையே கிழிஞ்சுபோச்சு."

அப்போதுதான் உறைத்தது. அவர் சொன்னது பாட்டை. நிகழ்ச்சியில் பன்னிரண்டாவதாக வரும் பாட்டுக்கு நான் போட்ட மெட்டை. சுருதி அவருக்கு எட்டவில்லையாம். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. விளக்கிச் சொன்னதும், "அடிப்பாவி! நான் பாட்டச் சொன்னா நீ கம்பியப் பாத்தியா?" என்றார்.

"கை நல்லாத்தான் இருக்கு அண்ணி."

"அப்ப வேற ஆள் வேணாம்ல?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மார்ச் 14, சனி

தந்திகளைக் கழற்றினேன். தந்திகளுக்கு அடியில் ஒலியை வாங்கும் காந்தங்களில் உலோகத் தூள் ஒட்டாமலிருக்க அவற்றின் மேல் டேப். மெட்டின் அடியில் இருந்த அழுக்கை ஊசியால் கிளறி எடுத்து, தண்ணீராக ஓடும் பசையைச் சொட்டவிட்டு, மரக்கட்டை வைத்துக் கிடுக்கியால் அழுத்தினேன்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கலாமா?" என்றார் இவர். முழுத் திருப்பின் பலனை அனுபவித்தவள் நான். கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னேன்.

மார்ச் 15, ஞாயிறு

பசை பிடித்துவிட்டது. ஆனாலும் ஸ்கேல் மயிரிழை ஆடியது. மெட்டின் தலையில் மார்க்கர் மை தடவி, மேடு இருந்த இடத்தை மட்டும் ராவி, தட்டையான தலையை மறுபடி உருண்டையாக்கி, பல்லுக்கு மெருகேற்றும் ரப்பர் சக்கரத்தால் தேய்த்தேன். தந்தி மாட்டினேன். பத்தில் விரல் வைக்கப் பயமாக இருந்தது. வைத்தேன்.

ஈ செத்தது.

"ஒரே சத்தத்த எத்தன வாட்டி வாசிப்ப?" என்று சமையலறையிலிருந்து குரல். எத்தனை வாட்டி வேண்டுமானாலும். ஐயோ, எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது!

மார்ச் 17, செவ்வாய்

ஒத்திகை. டமாரம் என்னைக் கிண்டல் செய்து வாயே மூடவில்லை. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

மார்ச் 21, சனி

அரங்கு நிறைந்துவிட்டது. பன்னிரண்டாவது பாட்டை நான்தான் தனியாகத் தொடங்க வேண்டும். கை தானாகப் பத்தாவது மெட்டுக்கு ஏறியது. சுத்தமாக ஒலித்தது. அந்த மிதப்பில் நிமிர்ந்து பார்த்தால், அண்ணி என்னை எரித்துவிடுவது போல முறைக்கிறார். அய்யய்யோ. பழைய சுருதியிலேயே எடுத்துவிட்டேன்! ஒத்திகையில் இறக்கி வாசித்தது அத்தனையும் மறந்துபோயிற்று. டமாரம் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி தம் பிடித்து ஏறினார். ஏறியும்விட்டார். ஒரே கைத்தட்டல்.

நிகழ்ச்சி முடிந்ததும் அண்ணி என்னை மேடைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார். "பன்னிரண்டாவது மெட்ட இறக்கச் சொன்னேனா இல்லையா?"

"அதத்தான் மொதல்ல இறக்கினேன் அண்ணி."

அடிக்கக் கை ஓங்கியவர், கூட்டம் இன்னொரு பாட்டு கேட்டுக் கத்தவே, என் இடது மணிக்கட்டைப் பற்றித் தரதரவென்று மறுபடி மேடைக்கு இழுத்துப் போனார். நன்றாக இறுக்கித்தான் பிடித்தார். வலிக்கவே இல்லை.