கொள்ளி முறை

திண்டுக்கல்
12-3-61

அன்புத் தம்பி தங்கமுத்துவுக்கு அண்ணன் ஆண்டிச்சாமி எழுதுவது. இங்கு நானும் மகள் சின்னக்கண்ணுவும் சுகம். அம்மா சுகத்துக்கு எழுதவும்.

இப்பவும், மில்லில் புதுச் சட்டம் போட்டு, ஐம்பத்தெட்டு முடிந்தது என்று என்னை நிறுத்திவிட்டார்கள். என் வயதுக்கு அத்தாட்சி அவர்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. யூனியன் மதுரை லேபர் கோர்ட்டில் கேஸ் போட்டிருக்கிறது. உன் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்படி உனக்கு ஐம்பத்தைந்துதான். நீ அண்ணன், நான் தம்பி என்று கூண்டில் ஏறிச் சொன்னால் வேலை திரும்பக் கிடைக்கும். தாலியறுத்து வந்த மகளையும் அவள் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன் அப்பு?

அண்ணன்
ஆண்டிச்சாமி


நத்தம்
20-7-61

அண்ணன் அவர்களுக்குத் தங்கமுத்து வணக்கம்.

கோர்ட்டிலிருந்து வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஒங்கப்பனுக்குக் கொள்ளி வச்சது யாருய்யா?" என்று மில் வக்கீல் கேட்பார் என நீங்கள் சொல்லவே இல்லையே! அப்பனுக்கு மூத்தவன், ஆத்தாளுக்கு இளையவன் என்ற முறை ஊருக்கே தெரியும். "நான்தாங்கய்யா வச்சேன்" என்று பொய் சொல்லிவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். "போகுது விடுலே. எனக்காச்சும் நீதான வைப்ப?" என்கிறாள். நான்தான் ஆத்தா என்றேன்.

தம்பி
தங்கமுத்து


திண்டுக்கல்
4-1-62

அன்புத் தம்பிக்கு,

உன் புண்ணியத்தில் வேலைக்குப் போகிறேன். நூல் தூசியில் மூச்சு வாங்குகிறது, ஆனாலும் வீட்டில் உலை கொதிக்கிறது. மில்காரர்கள் விடவில்லை, மெட்ராஸ் ஐகோர்ட்டுக்குப் போகிறார்கள்.

அம்மாவுக்கு முடியவில்லை என்று எழுதியிருந்தாய். அப்படி ஏதும் ஆகிவிட்டால், துட்டி கேட்கிற சாக்கில் மில் மேஸ்திரி பெரியகருப்பனை அனுப்பி, கொள்ளி வைப்பது யார் என்று பார்க்கச் சொல்வார்களாம். எழுதவே கை கூசுகிறது. நீயே புரிந்துகொள்.

அண்ணன்
ஆண்டிச்சாமி


நத்தம்
2-3-62

திரு. ஆண்டிச்சாமி அவர்களுக்கு,

கருமாதி முடிந்து நீங்கள் மொட்டைத் தலையோடு பஸ் ஏறியதிலிருந்து இதை எழுத நினைத்து இன்றுதான் எழுதுகிறேன். சுடுகாட்டில் பெரியகருப்பன் நின்றதைப் பார்த்துத்தான் கொள்ளியை உங்கள் கையில் கொடுத்தேன். "ஏலே, இது ஒன் மொறைடா" என்று திருப்பித் தருவீர்கள் என்று நினைத்தேன். தந்திருந்தாலும் சின்னக்கண்ணு பிள்ளைகளை நினைத்து நான் வாங்கியிருக்க மாட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வேலை நிலைக்கட்டும். யார் கேட்டாலும் கோர்ட்டில் சொன்னதையே சொல்வேன், பயப்பட வேண்டாம். அப்பனுக்கும் நீங்கள் வைத்தீர்கள், அம்மாவுக்கும் நீங்களே வைத்துவிட்டீர்கள். நான் யாருக்குப் பிள்ளை?

இனி கடிதம் போட வேண்டாம்.

தங்கமுத்து