கால் விட்டுப்போன ரோடியோ

பாரியூர் அம்மன் துணை

கோபிசெட்டிபாளையம்
12.11.1996

கண்ணு கிருபாசங்கருக்கு அம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் வந்தபோது வீட்டில் இருந்தவர்கள் நான், உங்கப்பா, தங்கச்சி பிரவீனா, அடுத்த வீட்டு ஜோஸ்லின் டீச்சர், கூப்பிடாமலே வந்த பங்காரம்மா அத்தை, ஆக ஐந்து பேர். நான்தான் உரக்கப் படித்தேன். டெக்சாஸில் மூன்று மணி நேரம் கார் ஓட்டிப்போய், டிக்கெட் எடுத்து, ரேடியோ பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். ஏனுங்க, பையன் ஊட்டுல ஒரு ரேடியோப் பொட்டி கூட இல்லீங்களா என்று கேட்ட அத்தை, நேரே ஈரோட்டு பஸ் ஏறி மஞ்சள் மண்டி காளிச்சாமி அண்ணன் வீட்டில் சொல்லிப்போட்டார். உனக்குப் பெண் பேசியிருக்கும் அதே வீடுதான்.

அத்தை போன பிறகு உறையை மடிக்கும்போதுதான் உள்ளே ஒட்டியிருந்த போட்டோ விழுந்தது. காளை மேல் ஒருத்தன் அந்தரத்தில் கிடக்கிறான். பின்பக்கம் நீ இங்கிலீஷில் எழுதியதைப் பிரவீனா படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள், ரேடியோ இல்லையாம், ரோடியோவாம். காளையைப் பற்றி எழுத வந்தவன் கொம்பைப் போட்டுவிட்டுக் காலை விட்டுவிட்டாயே சாமி.

அர்த்தம் தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. டீச்சரின் அண்ணன் ஸ்பெயினில் படித்த பாதிரியார், லீவில் வந்திருந்தார், அவரைக் கேட்டேன். ஸ்பானிஷ் வார்த்தையாம், சுற்றி வளைப்பது என்று அர்த்தமாம். காட்டில் மேயப்போன மாடுகளைச் சுற்றி வளைத்து ஓரிடத்தில் சேர்ப்பார்களாம், நாம் பட்டியில் அடைக்கிற மாதிரி. அந்தப் பெயரே பிறகு பந்தயத்துக்கும் வந்ததாம். இன்னொன்றும் சொன்னார், நேராகப் பதில் சொல்லாமல் சுற்றி வளைத்துப் பேசினாலும் ஸ்பானிஷில் அதே வார்த்தைதானாம்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். நாலு பக்கம். குளிர் இருக்கிறது, கார் இருக்கிறது, காளை இருக்கிறது. மோகனப்பிரியாவைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று நான் கேட்டதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. நீ ரோடியோ பார்க்கப் போகவில்லை கண்ணு, வீட்டுக்கே நடத்திக் காட்டுகிறாய்.

ரேடியோ விவகாரம் கேட்டு ஈரோட்டிலிருந்து போன் வந்தது. கொம்பு, கால், பட்டி எல்லாவற்றையும் அண்ணனுக்கு விளக்கினேன். பக்கத்தில் யாரோ சிரிக்கிற சத்தம், பிறகு அந்தப் பெண்ணே போனை வாங்கி, "ஏனுங்க அத்தை, மாடு பட்டிக்கு வருதா இல்லையான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க, தை வரைக்கும்தான் பட்டி தொறந்திருக்கும்" என்றாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. உனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் நான் கோபிக்க மாட்டேன், ஆனால் ஒரு பெண்ணைக் காக்க வைப்பது பாவம்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. காளை மேல் மட்டும் ஏறிவிடாதே. அம்மன் உன்னைக் காப்பாற்றுவாள். சரி அல்லது வேண்டாம், சுற்றி வளைக்காமல் சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா,
ராசாத்தாள்