இரண்டாம் பக்கத்தில் தொடங்கிய கட்டுரை

மாணவியர் விடுதி, அப்பியா
4 மார்ச் 1996

அன்புள்ள சியேனி அக்காவுக்கு,

என் கட்டுரைத் தாள் திரும்பி வந்ததும் நான் முதலில் கவனித்தது, முதல் பக்கத்தில் சிவப்பு மை ஒரு புள்ளிகூட இல்லை என்பதைத்தான். தப்பே இல்லை என்று நெஞ்சு துள்ளியது. திருப்பினால், இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. 'கட்டுரை இங்கேதான் தொடங்குகிறது' என்று டீச்சர் எழுதியிருந்தார்.

கடற்கரை மணலை அள்ளலாமா என்பது தலைப்பு. ஊர்த் தலைவர்களையும் போதகரையும் டீச்சரையும் வணங்கி, சிறியவள் வாய் திறப்பதற்கு எல்லோரிடமும் முதல் பக்கம் முழுக்க மன்னிப்புக் கேட்டிருந்தேன். நம் ஊர்ச் சபையில் அப்படித்தானே பேசுவார்கள்?

"ரொம்ப அழகா மன்னிப்புக் கேட்டிருக்கே லூபே. ஆனா நீ என்னதான் நினைக்கிறே? அதை முதல் வரியிலயே சொல்லிடும்மா" என்றார் டீச்சர்.

புதன்கிழமைகளில் வாழ்க்கைத் திறன் வகுப்பு. துணி தேய்க்க, வங்கிப் படிவம் நிரப்ப, ஒரு ஆளுக்குச் சமைக்க. எனக்கு ஒரு ஆளுக்குச் சமைக்க வரவில்லை; நான் வைத்ததைப் பன்னிரண்டு பேர் சாப்பிட்டார்கள். இந்த வாரம் 'முடியாது' என்று சொல்லிப் பழக வேண்டும். அறைத்தோழி ஃபெட்டு, "உன் செருப்பக் குடுடி" என்றாள். நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு விடுதிக்கு வந்தேன். "நீ தேற மாட்டே" என்று என் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே நடந்தாள்.

லோசாவுக்கும் அவள் தம்பிக் குட்டிப் பயலுக்கும் சித்தியின் முத்தம்.

உன் லூபே

சவாயி
15 மார்ச் 1996

கண்ணு லூபே,

செருப்புக் கதையை உன் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். "உன் தங்கச்சிகிட்ட கேட்டா தலையையே கழட்டிக் குடுப்பா" என்று சிரித்தார்.

மே மாதம் குழந்தை பிறந்துவிடும். கால் வீங்கிக் கிடக்கிறது. இருக்கிற இரண்டையும் துரத்திப் பிடிக்க முடியவில்லை. ஏப்ரல் கடைசியில் கப்பலேறி வந்துவிடேன். குழந்தை நடக்கும்வரை இருந்தால் போதும். உன்னைப்போல் யார் பார்த்துக்கொள்வார்கள்? படிப்பு எங்கே ஓடிப்போகிறது?

அக்கா சியேனி

அப்பியா
27 மார்ச் 1996

மரியாதைக்குரிய அத்தானுக்கும் அன்பு அக்காவுக்கும்,

அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரிவிட்டது நீ. உங்கள் இருவர் முன்னால் பேச எனக்கு வயது போதாது, மன்னிக்க வேண்டும். உன் கால் வீக்கத்தை நினைத்தால் அழுகை வருகிறது. நீ கூப்பிட்டு நான் எப்போது மாட்டேன் என்றிருக்கிறேன்? வெந்நீரில் கால் வை. லோசாவுக்கு யார் பின்னல் போடுகிறார்கள்? இங்கே ஓயாத மழை. ஜூனில் தேர்வு என்கிறார்கள். பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கு இங்கே படிக்க இடம் ஒரு முறைதான் கிடைக்குமாம். எல்லாம் கடவுள் சித்தம்.

பணிவுள்ள லூபே

சவாயி
9 ஏப்ரல் 1996

என் தங்கமே,

எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய்! அத்தானுக்கே கண் கலங்கிவிட்டது. நீ வருவாய் என்று எனக்குத் தெரியும். காற்று வரும் பக்கமாக உனக்குப் பாய் போட்டுவைத்திருக்கிறேன். 27ஆம் தேதி சனிக்கிழமை அத்தான் கப்பல் துறையில் நிற்பார். லோசா இன்றைக்கே போகலாம் என்று அடம்பிடிக்கிறாள்.

அக்கா

அப்பியா
18 ஏப்ரல் 1996

அக்கா,

நான் ஏப்ரலில் வரவில்லை.

போன கடிதத்தை எழுதிப் பார்த்த தாள் என்னிடம் இருந்தது. ஃபெட்டுவிடம் கொடுத்தேன். "வரேன்னுதானேடி எழுதியிருக்கே?" என்றாள். வர முடியாது என்று சொல்லத்தான் எழுதினேன், அக்கா. நீ தப்பாகப் படிக்கவில்லை.

ஜூன் 14 தேர்வு முடிகிறது. மறுநாள் கப்பலில் வருவேன். மூன்று வாரம் குழந்தை என் பொறுப்பு. பிறகு திரும்பிவிடுவேன்.

லோசா பிறந்தபோதும் 'குழந்தை நடக்கும்வரை' என்றுதான் சொன்னாய். எனக்கு அப்போது பதிமூன்று வயது. லோசா இப்போது கொய்யா மரம் ஏறுகிறாள். அந்த நாள்களுக்காக எனக்கு வருத்தமில்லை. அவள் முதலில் கூப்பிட்டதே என்னைத்தானே. ஆனால் இன்னொரு முறை என்னால் முடியாது.

இனி மன்னிப்பு. உன்னிடம், அத்தானிடம், துறைக்குக் கிளம்பி நிற்கும் லோசாவிடம்.

லூபே

சவாயி
2 மே 1996

லூபே,

எனக்குக் கோபம்தான். நீ முதல் வரியில் சொன்னாய், நானும் சொல்லிவிட்டேன்.

கடிதத்தை இரண்டு நாள் பாய்க்கடியில் போட்டுவைத்தேன். மூன்றாம் நாள் எடுத்துப் படித்தேன். கொய்யா மரம் வந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. நான்கு வருடமா ஆகிவிட்டது? எனக்கு உறைக்கவே இல்லையடி.

அத்தானின் தங்கை வந்திருக்கிறாள். பால் காய்ச்சக்கூடத் தெரியவில்லை, பழகிக்கொள்வாள். "சித்தி எப்போ வருவா?" என்று லோசா கேட்டாள். "ஜூன்ல." "ஜூன் எந்தப் பக்கம் இருக்கு?"

நான்கு பெரிய சேப்பங்கிழங்கு அனுப்பியிருக்கிறேன். ஒரே நாளில் விடுதிக்கே விருந்து வைத்துவிடாதே.

அக்கா

அப்பியா
8 மே 1996

அக்கா,

கிழங்கு வந்தது. ஒன்றை மட்டும் எடுத்துத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தேன், ஒரு ஆளுக்கு. ஃபெட்டு தட்டை நீட்டி, "பாதி குடுடி" என்றாள்.

"முடியாது" என்றேன். அவள் கைதட்டினாள்.

பிறகு பாதியை அவள் தட்டில் வைத்தேன்.

லூபே