நண்டின் மேல் போட்ட பழி

பீசாண்ட்ஸ்,
மே 12, செவ்வாய்

அன்புள்ள டாம்சினுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதப்போனேன், பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது. நான் நலம். அப்பாவைப் பற்றி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மேல்தான் சொல்ல முடியும். அவருடைய விரல்களில் உணர்ச்சி குறைந்திருக்கிறது, இரண்டு கையிலும். ஜூன் மாதம் படகு ஓட்டுவதற்கான மருத்துவச் சான்றைப் புதுப்பித்தாக வேண்டும், அது கிடைக்காவிட்டால் படகு கரையில்தான். பயப்பட ஒன்றும் இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அப்படி எழுத எனக்கும் ஆதாரம் இல்லை. ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன். ஆய்வகத்துக்கு இன்று விடுப்பு சொன்னேன், வீட்டில் உட்கார்ந்து நிதானமாக எழுதலாம் என்று. உட்கார முடிந்தால்தானே. காலையிலிருந்து கெட்டிலை மூன்று தடவை கொதிக்கவைத்துவிட்டு ஒரு தடவைகூட டீ போடவில்லை, சுத்தமாக இருந்த அலமாரியைக் காலி செய்து துடைத்து மறுபடி அடுக்கினேன். இந்த முதல் பத்தியை எழுதி முடிப்பதற்குள் நான்கு தடவை எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டேன். அப்பா கீழே கரையில் படகின் அடிப்பாகத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார், அது போன வாரமே சுரண்டியாயிற்று.

பிப்ரவரியில் நீ ஒன்று கேட்டாய், நினைவிருக்கிறதா? டுனெடினில் உன்னோடு வேலை செய்பவர்கள் லீவு நாளில் படகில் போய்த் தட்டைமீன் பிடிக்கிறார்கள், அப்பா இங்கே பிளேஸ் என்கிற தட்டைமீனுக்குக் கட்டுகிற தூண்டில் இரண்டு கட்டி அனுப்பச் சொல் என்று. அவரிடம் சொன்னேன். "அங்க பிளேஸே கிடையாதேம்மா, நான் நூல்ல கோக்கிற கலர் மணியைப் பாத்து எந்த மீன் மயங்கப்போகுது" என்றார், ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த வாரம் கட்டுகிறேன் என்றார். மார்ச் போயிற்று, ஏப்ரலும் போயிற்று. ஒரு தூண்டில் கட்ட அவருக்கு எவ்வளவு நேரமாகும் என்று உனக்கே தெரியும், டீ ஆறுவதற்குள் மூன்று கட்டுகிற ஆள். கேட்கும்போதெல்லாம் ஒரு காரணம். பச்சை மணி தீர்ந்துவிட்டது, முள் சரியில்லை, வெளிச்சம் போதவில்லை. நான் நச்சரிக்கிறவள் இல்லை, விட்டுவிட்டேன். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

இந்த வருஷம் ஸ்கெரீஸ் மணல்திட்டில் மீன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஏப்ரலில் வந்தவை முட்டை போட்டு இளைத்த மீன்கள்தான், பிடித்தால் வெளிச்சத்தில் மறுபக்கம் தெரியும், ஆனால் மாதக் கடைசிக்குள் மட்டி தின்று தேறிவிட்டன. மற்றப் படகுகள் நல்ல கனமான மீன்களாகக் கொண்டுவந்தன, ஆரஞ்சுப் புள்ளி பளிச்சென்று இருந்தது. நம் படகில் காசு கொடுத்து மீன்பிடிக்க வந்தவர்களுக்கும் கிடைத்தது. அப்பாவுக்கு மட்டும் கிடைக்கவில்லை. முதலில் புழு மேல் பழி போட்டார். கடற்புழுவை முள்ளில் நீளமாகக் கோத்து, வாலைத் தொங்கவிட்டு, நுனியில் மெல்லிய கணவாய்த் துண்டு ஒன்று செருகுவாரே, அதை விட்டுவிட்டு மணலில் தோண்டி எடுக்கும் கறுப்புப் புழுவுக்கு மாறினார். பிறகு வெறும் கணவாய். பிறகு மட்டிச் சதை, அது முள்ளில் நிற்காது என்று ரப்பர் நூல் சுற்றி. அடுத்தது தூண்டிலின் மேல் சந்தேகம். ஆறடி நூலை மூன்றடியாக்கினார். கரண்டி மாதிரிச் சுழலும் தகட்டைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பச்சையும் கறுப்புமாக நாலு மணி இருந்த இடத்தில் மஞ்சளாக ஏழு மணி வந்தது. அந்த மணிகள் மீனைப் பிடிக்கின்றனவா, கடைக்குப் போகிற ஆண்களைப் பிடிக்கின்றனவா என்று நான் இருபது வருஷமாகக் கேட்டுவருகிறேன், அதனால் இதையும் அந்தப் பைத்தியத்தில் சேர்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவை தூண்டிலை மேலே எடுக்கும்போதும் முள் வெறுமையாக வந்தது. "எல்லாம் நண்டு, பிரிஜெட். இரை தரையைத் தொட்ட நிமிஷமே தின்னுட்டுப் போயிடுது. இந்த வருஷம் அடியில நண்டுக் கூட்டம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நண்டும் இரையைத் தின்னும், மீனும் தின்னும், வெறும் முள்ளைப் பார்த்து எது தின்றது என்று சொல்ல முடியாது. ஆனால் பிளேஸ் வாய் வைத்தால் தடதடவென்று ஒரு சின்ன நடுக்கம் நூலில் ஏறி வரும், அதை விரலில் வாங்கத் தெரியவேண்டும் என்பதுதான் உன் அப்பாவின் மதமே. எத்தனை பேருக்கு அந்தப் படகில் வைத்து ஓதியிருக்கிறார், உனக்கும் எனக்கும் சேர்த்து. "கோல் நுனியைப் பாக்காத. கண்ணு எங்க வேணா இருக்கட்டும், விரல் நூல்ல இருக்கணும்." இதற்கிடையில் நான் சிலவற்றைக் கவனித்தேன். டீ குவளையை இரண்டு கையாலும் பிடித்தார். சட்டைப் பொத்தான் போடுவதை விட்டுவிட்டு ஸ்வெட்டராகவே போட்டுக்கொண்டு திரிந்தார். அடுப்பிலிருந்து சூடான தட்டைத் துணி இல்லாமல் எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, சாவகாசமாகக் கையைப் பார்த்தார். கேட்டேன், "மீன்காரன் கை, மரத்துப்போச்சு" என்று சிரித்தார். மறுபடி கேட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா, ஆய்வகத்தில் செய்வதைச் செய்தேன். மூன்று சனிக்கிழமை படகில் போய், டீ போடுகிற சாக்கில் எண்ணி எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன்.

போன சனிக்கிழமை கடைசி. அலை குறைந்த நாள், தண்ணீர் தெளிவாக இருந்தது, படகு திட்டின் மேல் மெதுவாக மிதந்து நகர்ந்தது. நானும் ஒரு கோல் எடுத்தேன். ஒரே மாதிரித் தூண்டில், ஒரே டப்பாவிலிருந்து புழு, இருவரும் படகின் ஒரே பக்கம். அவர் ஒன்பது தடவை இறக்கினார், ஏழு தடவை முள் வெறுமையாக வந்தது. எனக்கு ஒன்பதில் இரண்டு வெறுமை, நாலு மீன். சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் கோல் எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லிக் கோலை மாற்றிக்கொண்டேன், இடத்தையும் மாற்றினேன். கணக்கு அப்படியே இருந்தது. நண்டுக்கு எந்தக் கோல் யாருடையது என்று தெரியாது.

வில்ஃப் வந்திருந்தார், நம் பழைய தபால்காரர், ஒரு சனிக்கிழமை விடாமல் வருகிறவர். காலையிலிருந்து அவர் வாய் ஓயவில்லை. "என்ன கேப்டன், மீனுங்களோட சண்டையா? ஒண்ணுகூட உன்கிட்ட வரமாட்டேங்குது" என்றார். "நீ வாயை மூடினா அதுங்க வரும்டா கிழவா" என்றார் அப்பா. "ஏழு மணி கோத்திருக்கியே, மீன் பிடிக்கவா, கல்யாணத்துக்கா?" என்று வில்ஃப் விடவில்லை. எல்லோரும் சிரித்தோம். பிறகு மூன்று மணி சுமாருக்கு அப்பாவின் கோல் நுனி ஆடியது. ஒரு ஆட்டம், கொஞ்சம் நின்று, தடதடவென்று இன்னொன்று, அப்புறம் நுனி வளைந்து கீழே போனது. எனக்கும் வில்ஃபுக்கும் நன்றாகத் தெரிந்தது. அப்பாவின் விரல் நூலின் மேல் இருந்தது. அவர் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொண்டு இந்தக் கோடையில் எத்தனை பேர் வருவார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார். வில்ஃப் வாயைத் திறந்தார், திறந்த வாயோடு என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். கரைக்கு வரும்வரை அவர் அப்பாவை ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. என் நோட்டில் இருந்த எண்களைவிட எனக்குப் பயம் கொடுத்தது அதுதான்.

ஞாயிறு மத்தியானம் அவராகவே தூண்டில் பெட்டியைத் திறந்து மேஜையில் வைத்தார், டாம்சினுக்கு இன்றைக்குக் கட்டிவிடுகிறேன் என்று. நான் பாத்திரம் கழுவிக்கொண்டே முதுகைத் திருப்பி நின்றேன். பிறகு மணிகள் தரையில் கொட்டிச் சிதறின, அடுப்புக்கு அடியில், கதவுக்கு வெளியே, எங்கும் பச்சையும் கறுப்புமாக உருண்டன. பச்சை மணி தீர்ந்துவிட்டது என்று சொன்னவர். நான் முழங்காலிட்டுப் பொறுக்க ஆரம்பித்தேன். அவரும் இறங்கினார், ஒன்றைக்கூட அவரால் எடுக்க முடியவில்லை, விரல் மணிக்கு மேல் போகிறது, பிடித்த மாதிரி மூடுகிறது, மணி அங்கேயே இருக்கிறது. தரையில் உட்கார்ந்துவிட்டார். "நண்டு இல்ல, பிரிஜெட்" என்றார்.

கிறிஸ்துமஸிலிருந்தாம். கையுறை போட்ட மாதிரி இருக்கிறதாம், கழற்ற முடியாத கையுறை. சொன்னால் சான்று போய்விடும், படகு போய்விடும், வசந்தம் வந்து வெயில் ஏறினால் சரியாகிவிடும் என்று காத்திருந்தாராம். எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஐந்து மாதம். பிறகு என் நோட்டு நினைவுக்கு வந்தது. அவர் ஐந்து மாதம் சொல்லாமல் இருந்தார் என்றால், நான் மூன்று வாரம் தெரிந்துகொண்டே கேட்காமல் எண்ணிக்கொண்டிருந்தேன். கேட்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். இதில் யாருக்கு யார் மேல் கோபப்பட உரிமை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நேற்றுக் காலை போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார், திரும்பி வந்து, "டாக்டர் வியாழன் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கார். நீயும் வரணும்" என்றார். இருபத்தாறு வருஷத்தில் டாக்டரிடம் என்னைக் கூட வரச் சொன்னது இதுதான் முதல் தடவை. இப்படி விரல் மரத்துப்போகப் பதினொரு காரணம் படித்தேன், சிலது மாத்திரையில் போகும், சிலது போகாது. அதற்கு மேல் படிக்காமல் கணினியை மூடினேன். உன் தொழிலில் நீ என்னைவிட அதிகம் அறிந்திருப்பாய், ஆனாலும் உன்னிடம் போனில் கேட்கவில்லை. ஏன் என்றால் போனை வைத்த அடுத்த நிமிஷம் நீ அவரைக் கூப்பிட்டு, நோயாளிகளிடம் பேசுகிற அந்தப் பொறுமையான குரலில் கேள்வி மேல் கேள்வி கேட்பாய், அவர் மறுபடி நண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். வருகிற ஞாயிறு தானாகவே போனில் உனக்குச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாளாகும். அந்தப் பத்து நாள் அவருக்காக நான் விட்டுவைத்தது. இதைப் படிக்கும்போது அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தால், அம்மா முன்பே எழுதிவிட்டாள் என்று காட்டிக்கொள்ளாதே. சொல்லியிருக்காவிட்டால் உடனே என்னைக் கூப்பிடு, எந்த நேரமானாலும் பரவாயில்லை.

மேலே உள்ளதை எழுதி உறைக்குள் வைத்துவிட்டேன், ஒட்டவில்லை. அவர் மேலே வந்து, "அந்தப் பொண்ணுக்குத் தூண்டில் போகணும்ல. நீ கட்டு, நான் சொல்றேன்" என்றார். அதனால் இதோடு இரண்டு தூண்டில் வருகிறது, முடிச்சுகள் என்னுடையவை. ஒரு முடிச்சையும் அவர் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை, நூலைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்துப் பார்த்தார், ஐந்து அறுந்தன. "இது முடிச்சா, பூட்ஸ் கயிறா? நனைச்சு இறுக்கும்மா, காய்ஞ்ச நூலை இறுக்கினா வெந்துபோயிடும்" என்றார். ஒரு மணி நேரம் நான் ஜன்னலுக்குப் போகவில்லை. அவர் உனக்குச் சொல்லச் சொன்னது இது. நூல் ஆறடியே இருக்கட்டும், குறைக்காதே. முள்ளுக்கு மேல் பச்சையும் கறுப்புமாக நாலு மணி, அதற்கு மேல் வேண்டாம், மஞ்சள் வேண்டவே வேண்டாம். ஈயக்குண்டு தரையில் இழுபட்டு மணலைக் கிளப்பவேண்டும், அந்தத் தூசியைப் பார்க்கத்தான் மீன் வரும். இரைக்கு உங்கள் ஊர்க் கடற்கரையில் தோண்டினால் என்ன புழு கிடைக்கிறதோ அது, நுனியில் கணவாய், உயிரோடு இருக்கிற புழுவாகப் பார்த்து எடு. கடித்தவுடன் கோலைத் தூக்காதே. நூல் விடு, இருபது எண்ணு, அதற்கு வாய் சின்னது, முழுங்க நேரம் வேண்டும். இவ்வளவும் எழுதினேன். கடைசியில், "கோல் நுனியைப் பாக்கச் சொல்லு" என்றார். நான் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு அவரைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எழுதும்மா. விரலை மட்டும் நம்பவேணாம், நுனியையும் பாருன்னு எழுது." எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். தண்ணீரில் போகும்போது மிதவைச் சட்டை போடு, பக்கத்தில் யார் சிரித்தாலும் போடு. எங்கள் இருவரின் ஆசியும் அன்பும் உனக்கு எப்போதும் உண்டு. மறந்துவிடாதே, தூண்டிலைத் தண்ணீரில் இறக்கும் முன் என் முடிச்சை ஒரு தடவை பலமாக இழுத்துப் பார், பிடித்ததா அறுந்ததா என்று அவருக்கு எழுது. எனக்கு இல்லை, அவருக்கு.

உன் அம்மா,
பிரிஜெட்