ரஜனியின் வினாத்தாள்

13 நவம்பர் 1989, திங்கள்

காலையிலிருந்து தூறல். ரேடியேட்டர் முழுக்க ஈர உடுப்பு. வேலைக்குப் பிந்தி.

பின்னேரம் இவர் இங்குள்ள எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டம் முடிந்து வந்தார். கோட்டைக் கழற்ற முதலே சிரிப்பு. சனிக்கிழமை இராப்போசனத்தில் வாசிக்கச் சங்கத்து ரஜனி ஒரு பகிடி வினாத்தாள் எழுதியிருக்கிறா. பாடம்: கிராம வாழ்க்கை.

"இஞ்சேரும், இதைக் கேளும். 'வேலி அடைக்கும் ஒருவர் வருடா வருடம் கதியால் தடிகளை அடுத்த காணிக்குள் கொஞ்சம் தள்ளி நடுகிறார். பக்கத்து வீட்டார் (அ) பேசாமல் விடுவார் (ஆ) கோடேறி வழக்காடுவார் (இ) தானும் மற்றப்பக்க வேலியைத் தள்ளுவார்.' மூண்டும் சரியாம்!"

கண்ணால் தண்ணி வரச் சிரித்தார்.

நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் ஆத்திரம். ரஜனி கொழும்பில் வளர்ந்தவ. வேலியைக் கண்டதே ஆவணி லீவில் ஊருக்கு வரும்போதுதான். நான் அந்த வேலிக்குள் பிறந்து வளர்ந்தவள். தாவரவியல் பட்டதாரி. வேலியில் நடும் கிளுவையின் விஞ்ஞானப் பெயர்கூடத் தெரியும். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

என் கதைக்கு இவர் இப்படிச் சிரித்தது எப்போது? நினைவில்லை.

15, புதன்

கொஞ்சம் வெயில். வாங்க: தேங்காய்ப் பால் டின், பல்ப், மகளுக்கு டைட்ஸ்.

மதியச் சாப்பாட்டு நேரம் நானும் ஒரு வினாத்தாள் எழுதினேன். முதல் கேள்வி: "செம்மண்ணில் புகையிலை பயிரிடும் முறையை விளக்குக." இதில் எங்கே பகிடி? வெட்டு.

அடுத்தது: "கலியாணத்துக்குச் சொல்ல வந்தவர் வீட்டுக்குள் வராமல் படலையடியில் நின்று சொல்லிவிட்டுப் போனார். போகலாமா? போனால் சாப்பிடலாமா? சாப்பிட்டால் வீட்டில் யாருக்குச் சொல்லலாம்?"

மகளுக்கு வாசித்தேன். "அம்மா, இஸ் திஸ் ஹோம்வேர்க்?"

இவர் தானே எடுத்து வாசித்தார். "நல்லாயிருக்கு" என்று தலையாட்டினார். சிரிப்பில்லை. பிறகு, கறிக்கு உப்புக் காணாதாம்.

பேப்பரைத் தூக்கிப் பிரிட்ஜுக்கு மேலே எறிந்தேன்.

18, சனி

மண்டபத்தில் சரியான குளிர். ரஜனி மயில் நிறச் சேலை. நகரத்தின் மற்ற மூலை வால்தம்ஸ்டோவிலிருந்து ரெயிலில் வந்தும் ஒரு மடிப்புக் கலையவில்லை. என்னுடையது காரிலேயே கசங்கிப் போச்சு.

பரீட்சை மண்டப ரீச்சர் மாதிரி மேடையில் நடக்கிறா. "அண்ணை, பாத்தெழுதாதேங்கோ!" சனம் விழுந்து விழுந்து சிரிப்பு.

பிறகு, "கலியாணத்துக்குச் சொல்ல வந்தவர்..."

என்னுடையது! சொல்லுக்குச் சொல்.

"சாப்பிட்டால்..." என்று ஒரு நிறுத்து நிறுத்தினா. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், ஏலவில்லை. பின்வரிசைக் கிழவர் ஒருவர்: "பிள்ளை, படலையில சொன்னா படலையில நிண்டு சாப்பிடலாம்!" மண்டபமே அதிர்ந்தது. இவருக்குக் கண்ணால் தண்ணி.

காரில் கேட்டேன். "நீங்கள்தானே குடுத்தனீங்கள்?"

"ஓம். பிரிட்ஜுக்கு மேல சும்மா கிடந்தது. நல்ல கேள்வியெல்லே."

"அண்டைக்குச் சிரிக்கேல்லையே?"

"அவ வாசிக்கேக்கதானே சிரிப்பு வருது."

டூட்டிங்கில் வீட்டு வாசல் வந்ததும் கார்க் கதவை அடித்துச் சாத்தினேன்.

19, ஞாயிறு

மழை. தலையிடி. நேற்று மிஞ்சின ரோல்ஸைச் சூடாக்கி மத்தியானச் சாப்பாடு.

இவர் மேலே குளிக்கும்போது ரஜனி போன்.

"அக்கா, கலியாணக் கேள்வி உங்கடயாம்! எல்லாம் முடிஞ்ச பிறகுதான் அண்ணை சொன்னவர். முதலே தெரிஞ்சிருந்தா மேடையில உங்கட பேரைச் சொல்லியிருப்பன். இப்ப ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிச் சொல்லுறன்."

நல்ல மனுசியாயும் இருக்கிறா. அது இன்னும் எரிச்சல்.

சாப்பாட்டு வரிசையில் அந்தக் கிழவர் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போய் நின்றதை நடித்துக் காட்டினா. போனில்! அப்படியே கண் முன்னே. கோபத்தை மறந்து போனேன்.

"வாற வருசம் நீங்கள் எழுதுங்கோ, நான் வாசிக்கிறன். என்னக்கா?"

"யோசிச்சுச் சொல்லுறன்."

போனை வைக்க, இவர் துவாயோடு படியில்.

"ஆரது?"

"ராங் நம்பர்."

"ராங் நம்பரோடயோ இவ்வளவு நேரம் சிரிச்சனீர்?"