சுவருக்குள் அடங்காத பியானோ

அன்றைக்கு மதுரையில் அந்தக் கடையில் நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு விஷயம்: எனக்கு இந்தப் பியானோ வேண்டும், அந்தக் கல்யாணம் வேண்டாம்.

நேற்று என் அலுவலகத்தில் உடன் வேலை பார்க்கும் ஒருத்தி, தன் மகளுக்கு எந்த டிஜிட்டல் பியானோ வாங்கலாம் என்று கேட்டாள். கடைக்காரர் அனுப்பிய படங்கள் அவள் போனில் வரிசையாக இருந்தன. நான் யோசிக்கவே இல்லை. எண்பத்தெட்டுக் கட்டை இருக்க வேண்டும், அழுத்தினால் விரலுக்குக் கொஞ்சம் கனம் தெரிய வேண்டும், உள்ளே எத்தனை தாளங்கள் பதிந்திருக்கின்றன என்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று சொன்னேன். "வீட்டில் அவ்வளவு நீளத்துக்கு இடமில்லையே" என்றாள். அந்த இடத்தில்தான் நீ என் நினைவில் வந்துவிட்டாய், அம்மா. பிறகு நாள் முழுக்க நீ போகவில்லை.

சின்னமனூர் மாப்பிள்ளைக்கு என்னைப் பேசி, பூ வைத்து முடித்திருந்த மாதம் அது. அப்பா போன பிறகு நம் வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் பெரிய மாமா கையில்தான் இருந்தது. வரனைக் கொண்டு வந்தவரும் அவரே. மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. போனில் மூன்று நான்கு முறை பேசினார். தன் வேலையைப் பற்றி, தன் கார் பற்றி, தனக்குப் பிடித்த சாப்பாடு பற்றி. என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இதை ஒரு குறையாக யாரிடம் போய்ச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சபையில் வெற்றிலை பாக்கு மாற்றிய பிறகு சொல்லக்கூடிய காரணமாக அது எனக்கே படவில்லை.

சீரில் கட்டில், பீரோவோடு ஒரு பியானோவும் வைப்பது என்று நீதான் முடிவு செய்தாய். கான்வென்ட் பள்ளியில் படித்த நாளில் இருந்து நான் பிறர் வீட்டு, பிறர் பள்ளிக் கருவிகளிலேயே வாசித்துவந்தது உன் மனதில் இருந்திருக்கிறது. வீடு பார்க்கப் போன அன்றே மாப்பிள்ளை வீட்டு ஹாலில் டிவிக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த சுவரை அளந்துகொண்டு வந்தாய். டேப்பால் அல்ல, திராட்சைக் கொடி கட்டும் நைலான் கயிற்றால். நம் சுருளிப்பட்டித் தோட்டத்தில் பந்தல் காலில் இருந்து வரப்பு வரை நீ எல்லாவற்றையும் அளந்தது அந்தக் கயிற்றால்தானே. நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு, கைப்பையில் வைத்து மதுரைக்கு எடுத்து வந்திருந்தாய். சுவரை அளந்தாயே ஒழிய, பியானோ எவ்வளவு நீளம் இருக்கும் என்று யாரையும் கேட்கவில்லை.

கடைக்குள் போனதும் கடைக்காரப் பையன் காட்டிய பெரிய பியானோவில் உனக்கு முதலில் பிடிக்காமல் போனது நிறம்.

"நல்ல காரியத்துக்கு யாராச்சும் கறுப்புக் குடுப்பாகளா தம்பி?"

"பியானோன்னா கறுப்புதாம்மா அழகு. எரும கறுப்பா இருக்குன்னு பால வேணாங்குறமா?"

"எருமையச் சீர்ல வெக்கிறதில்லயே."

கடைக்காரப் பையனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெள்ளையில் ஒன்று இருக்கிறது, ஆனால் சின்னது என்று காட்டினான். அறுபத்தொரு கட்டை. நீ கயிற்றைப் பிடித்துப் பார்த்தாய், சுவருக்குள் கச்சிதமாக அடங்கியது. உன் முகம் மலர்ந்தது. நான் அதில் இரண்டு வரி வாசித்தேன். கட்டைகள் விரலுக்குப் பொம்மை போல லேசாக இருந்தன. "நல்லா இருக்கும்மா" என்றேன்.

பிறகு, சும்மா பார்க்கத்தான் என்று சொல்லிக்கொண்டு, கறுப்பின் முன்னால் உட்கார்ந்தேன்.

என்ன வாசித்தேன் என்று உனக்குத் தெரிந்திருக்காது. பெயரைச் சொன்னாலும் உனக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் நீ என் பின்னால் வந்து நின்றதும், கயிற்றை அதன் மேலும் நீட்டிப் பிடித்ததும் எனக்குத் தெரிந்தது. முடிச்சு வலப்பக்கம் ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. என் கை அதைத் தாண்டி அந்தக் கடைசிக் கட்டைகள் வரை போய்ப் போய்த் திரும்பியது.

"கயிறு அங்கன நிக்குது. ஒன் கை இங்கன போகுதே?"

"பாட்டு அங்க வரைக்கும் இருக்கும்மா."

"அந்த வெள்ளையில இது வராதா?"

"வராது."

"அப்புறம் எதுக்கு அத நல்லா இருக்குன்ன?"

"அந்த வீட்டுக்கு அதுதானம்மா அடங்கும்."

நீ கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தாய். சுற்றிக் கைப்பையில் வைத்தாய். பிறகு, கடைக்காரனுக்குக் கேட்காத குரலில் கேட்டாய்.

"ஏத்தா, அங்கன போறதுக்கு ஒனக்கு மனசு இருக்கா?"

நான் கட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ இரண்டாம் முறை கேட்கவில்லை. நேரே கடைக்காரனிடம் போனாய்.

"பெருசையே போடு தம்பி."

"கறுப்பும்மா அது. சீருக்குன்னு சொன்னீங்க?"

"சீருக்குத்தான் கறுப்பு ஆகாது. இது எம் மகளுக்கு."

எந்த ஊருக்கு அனுப்ப என்று கேட்டான். நீ நம் வீட்டு விலாசத்தைச் சொன்னாய்.

திரும்பும் பஸ் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது பெரிய மாமாவுக்கு நீயே போன் போட்டாய். உன் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"அண்ணே, அந்தச் சின்னமனூர்ப் பேச்ச விட்ருவோம்... இல்லண்ணே, அவுக மேல ஒரு குத்தமும் இல்ல. எம் புள்ளைக்கு மனசில்ல... அவ சொல்லல. நான் பாத்தேன்."

அவர் கத்தியது பக்கத்துச் சீட்டு வரை கேட்டது. நீ போனைக் காதில் இருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாய்.

"ஊரு என்ன பேசும்னு நேர்ல வந்து வெவரமாச் சொல்லுங்க, கேட்டுக்கிறேன். இப்பக் கணவாய், டவர் போயிரும்."

டவர் போகவில்லை. நீதான் கட் பண்ணினாய். அப்புறம் ஜன்னல் பக்கம் சாய்ந்து, ஊர் வரும் வரை தூங்கினாய். அந்தத் தூக்கத்தை நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பெரிய காரியம் ஒன்றைச் செய்துவிட்டோம் என்று உனக்குத் தோன்றவே இல்லை. இப்போது தேனியில் தனியாக வீடு எடுத்து இருக்கிறேன். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று அலுவலகத்திலும் உறவிலும் நேராகச் சொல்கிறேன், விளக்கம் கொடுப்பதில்லை. சொல்லிவிட்டு எனக்கும் நன்றாகத் தூக்கம் வருகிறது.

பெரிய மாமா போய்ப் பேசினார். பூ வைத்த சேலையைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் சில மாதம் நம் வாசலை மிதிக்கவில்லை, பிறகு வந்தார். பியானோவும் ஒரு மினி லாரியில் வந்து இறங்கியது. நம் வீட்டிலும் அதற்கு இடம் இல்லை. உன் பீரோவை அடுப்படிக்குத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் அதை வைக்கச் சொன்னாய். அதற்குப் பிறகு நீ கட்டிய சேலை எல்லாவற்றிலும், கடைசி வரை, தாளிப்பு வாசம் அடித்தது.